ஐந்தில் மூன்று

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். 1986-87இல் என்னிடம் பத்தாம் வகுப்பு பி பிரிவில் கணக்குப் படித்தவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். டீச்சர் உத்தரவு!

விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். பதினேழு வயது. சாப்பிடும்போதும் கையில் ஒரு கதை. என்னடா அது என்று கேட்டேன். 'வீல் ஆஃப் டைம்' என்றான். மந்திரம், போர், அரசுகள் என்று 14 பாகமாம். 1990இல் முதல் பாகம் வந்ததாம். எழுதிய ராபர்ட் ஜோர்டன் 11 பாகம் வெளிவந்த நிலையில் 2007இல் இறந்துபோனார். பிறகு பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைய எழுத்தாளர் மீதியை மூன்று பாகமாக எழுதி 2013இல் முடித்து வைத்தாராம். "இப்ப பத்தாவதுல இருக்கேன் பாட்டி. ஒண்ணுமே நடக்கல. எல்லாரும் சும்மா உட்கார்ந்து பேசிட்டே இருக்காங்க. தாண்டிப் பதினொண்ணுக்குப் போயிடலாமான்னு பாக்கறேன்" என்றான்.

நடுப்பாகம் என்றால் எல்லா மொழியிலும் இதே புகார்தான் போலிருக்கிறது. ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல். 2014 முதல் 2020 வரை இணையத்தில் தினமும் ஓர் அத்தியாயமாக வந்தது. உங்களில் ஒருவர் (பெயர் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்) அதில் பதின்மூன்றாவதான மாமலரில் நின்றுவிட்டதாகவும், முதல் நாவலையே மூன்று தடவை திரும்பப் படித்துவிட்டதாகவும் சொன்னார். கணக்கில் முதல் பாடத்தை மட்டும் மூன்று தடவை போட்ட அதே ஆள்தான்.

பேரன் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தவன், ஒரு தடித்த பழைய புத்தகத்தை உருவினான். "பாட்டி, பொன்னியின் செல்வன் மூணாம் பாகம் மட்டும் இருக்கு. ஒண்ணு, ரெண்டு எங்க? நாலு, அஞ்சு எங்க?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் மழுப்பிவிட்டேன். உங்களிடம் மழுப்பப் போவதில்லை.

அப்போது அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. எனக்கு முப்பது வயது. திருவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட் கணக்கு வைப்பது யார் செய்த பாவமோ தெரியாது. பாதி வகுப்பு தூங்கும். தேல்ஸ் தேற்றத்துக்குப் படம் போட்டுவிட்டுத் திரும்பினால், மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் தூங்காமல் குனிந்தபடி இருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு பரபரப்பு. தேற்றத்துக்காக யாரும் அப்படிப் பரபரப்பாக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் நோட்டுக்குக் கீழே இந்தப் புத்தகம்.

கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. கல்கி பத்திரிகையிலிருந்து வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, சேர்த்து, பைண்டு செய்தது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வந்த தொடர் அது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படிச் சேர்த்து வைத்தார்கள். மணியத்தின் ஓவியங்கள், பக்க ஓரத்தில் சோப்பு விளம்பரம், ஒரு மூலையில் பாதி வெட்டுப்பட்ட சிரிப்புத் துணுக்கு, எல்லாம் அப்படியே இருக்கும். முதுகில் காலிகோ துணி. உள் அட்டையில் மையால் எழுதியிருந்தது: 'ஐந்தில் மூன்று'. கீழே ஒரு கையெழுத்து.

"குடுத்துடுங்க டீச்சர். எங்க தாத்தாவோடது. தாத்தா போன வருஷம்தான் செத்துட்டாரு. அப்பாவுக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன் டீச்சர்" என்று அழுதாள். அழுதால் இளகக் கூடாது என்பது அன்றைக்கு எனக்கு ஒரு கொள்கை. "அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிட்டுப் போ" என்று சொல்லி என் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

இதுவரை சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அன்றைக்கு எந்த ஆசிரியராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். தப்பு அதற்குப் பிறகு.

நான் கதைப் புத்தகம் படித்து வளர்ந்தவள் இல்லை. எங்கள் வீட்டில் பஞ்சாங்கமும் பாடப்புத்தகமும்தான். இரண்டு நாள் கழித்துத் தேர்வுக் கண்காணிப்பு. மூன்று மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். இழுப்பறையைத் திறந்தேன். அந்தப் பெண் ஒரு பச்சை ரிப்பன் துண்டை அடையாளத்துக்கு வைத்திருந்தாள். அதைத் தொடாமல் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். சாயங்காலம் அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

முதல் இரண்டு பாகம் தெரியாமல் மூன்றாவதைப் படிப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. முன் பாகங்களில் 110 அத்தியாயம் ஓடியாகிவிட்டது. கோடிக்கரையில் கதை திறக்கிறது. புயல் அடித்து ஓய்ந்திருக்கிறது. யாரோ கடலில் மூழ்கிவிட்டார்கள் என்கிறார்கள். யார் என்று தெரியாது. ஒரு கிழவர் இருக்கிறார், பெரிய ஆள், ஊரே நடுங்குகிறது. கூட ஓர் அழகி. அவள் யாருக்கு என்ன வேண்டும்? தெரியாது. படகு ஓட்டும் பெண் ஒருத்தி, பூமாலை கட்டுகிற பிள்ளை ஒருவன். ஒவ்வொருவரும் பழைய விஷயம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அந்தப் பழைய விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில் தனியாக மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? ஒரு தாளில் பெயர்களை எழுதி, தெரியாத உறவுக்கெல்லாம் எக்ஸ், ஒய் போட்டுக்கொண்டேன். ஸ்டாஃப் ரூமில் எங்கள் தமிழாசிரியை அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, இந்த நந்தினி யாரோட பொண்ணு?" அந்தம்மா சிரித்த சிரிப்பு ஹெட்மாஸ்டர் அறை வரை கேட்டிருக்கும். "அஞ்சு பாகமும் படிச்சவங்களே அதுக்கு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நீங்க மூணுலேர்ந்து ஆரம்பிச்சுட்டுக் கேக்கறீங்களே!"

அந்தப் பாகத்துக்குப் பெயர் 'கொலைவாள்'. பெயரைப் பார்த்துப் பயந்துகொண்டே படித்தேன். ஒரு கொல்லுப்பட்டறையில் மீன் சின்னம் போட்ட வாள் ஒன்று செப்பனிடப்படுகிறது. வழியில் குதிரைக்கு லாடம் அடிக்க நின்ற வந்தியத்தேவன் அதைப் பார்க்கிறான். நான் எதிர்பார்த்த கொலை இந்தப் பாகத்தில் நடக்கவே இல்லை. ஆதித்த கரிகாலன் சாவது ஐந்தாம் பாகத்தில். இதில் வாள் தயாராகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. கதைக்குப் பெயரே பொன்னியின் செல்வன். அந்தப் பொன்னியின் செல்வன் இந்தப் பாகத்தில் பெரும்பாலும் காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறான். அவனைப் படகில் கிடத்தி நாகப்பட்டினத்துக் கொண்டுபோய், சூடாமணி விகாரத்தில் புத்த பிட்சுக்களிடம் ஒப்படைக்கிறார்கள். நாடு முழுக்க இளவரசன் கடலில் போய்விட்டான் என்று அழுது கொதிக்கிறது. உயிரோடு இருப்பது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். அவர்களால் வெளியே சொல்லவும் முடியாது. காய்ச்சல் தெளிவது 42ஆம் அத்தியாயத்தில். பாகமே 46 அத்தியாயம்தான்! பேரன் சொன்ன கணக்குப்படி பார்த்தால் இதிலும் 'ஒண்ணுமே நடக்கல'. ஆனால் எனக்கு முன்னும் பின்னும் எதுவும் தெரியாது. நடப்பது அத்தனையும் பெரிதாக இருந்தது. பிட்சு ஒருவர் காய்ச்சல்காரனின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக்கூட மூச்சுப் பிடித்துப் படித்தேன்.

(நாகப்பட்டினம் விகாரம் கற்பனை இல்லை. ஸ்ரீவிஜயத்து அரசர் கட்டியது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததை, லெய்டன் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கின்றன. கல்கி தம் கதைக்காகக் காலத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார். சரித்திரம் எடுத்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.)

ரிப்பன் இருந்த இடத்துக்கு வந்தேன். 21ஆம் அத்தியாயம். செம்பியன் மாதேவி தன் மகன் மதுராந்தகனிடம், ராஜ்யம் உனக்கு வேண்டாம், அப்பா சொன்ன வழியில் சிவத்தொண்டு செய் என்கிறார். மகன் கொதித்துப்போய், நீ தாய்தானா என்று கேட்டுவிடுகிறான். அந்தப் பெண் இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறாள். தாய் என்ன பதில் சொன்னாள் என்று தெரிவதற்குள் நான் பிடுங்கிவிட்டேன். அப்போது எனக்கு அது தோன்றவில்லை. பக்கத்தைத் திருப்பிப் போய்க்கொண்டே இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய அப்பா வந்தார். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வேலை உடுப்பிலேயே, கையில் எண்ணெய்க் கறையோடு, வகுப்பு வாசலில் நின்றார். "சொல்லுங்க டீச்சரம்மா" என்றார். காலாண்டில் கணக்கில் 28 மார்க், வகுப்பில் கதைப் புத்தகம், கவனம் படிப்பில் இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில், "அந்தப் புஸ்தகம்…" என்று மட்டும் இழுத்தார்.

புத்தகம் என் வீட்டில், தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. முப்பத்தைந்தோ முப்பத்தாறோ, அந்த அத்தியாயத்தில் என் கொண்டை ஊசி சொருகியிருந்தது.

"பரீட்சை முடியட்டும், தர்றேன். இப்பக் குடுத்தா மறுபடி படிப்பா" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள் அந்தப் பதில்! அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் தூணுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. அத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றாள் பக்கத்துப் பெஞ்சுப் பெண். கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. கல்யாணம் என்றும் ஒரு பேச்சு. டி.சி. வாங்கக்கூட யாரும் வரவில்லை. மே மாதம் ரிஜிஸ்டரில் முகவரி பார்த்து அந்த வீட்டுக்குப் புத்தகத்தோடு போனேன். வாடகை வீடு. வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். "அவங்க குடியாத்தம் பக்கம் போயிட்டாங்க" என்றார் வீட்டுக்கார அம்மா.

நான் அவள் அப்பாவிடம் அப்படிப் பேசாமல் இருந்திருந்தாலும் படிப்பை நிறுத்தியிருப்பார்களோ என்னவோ. அந்தக் காலத்தில் பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே நின்றுபோன பெண்கள் ஒவ்வொரு வருஷமும் என் வகுப்பில் இருந்தார்கள். எல்லாருக்கும் நானா காரணம்? இப்படித்தான் பல வருஷம் எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். ஆனால் 28 மார்க்கை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள், அந்தப் பெண் மாதத்தில் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை என்பதைச் சொல்லவில்லை. வகுப்பே தூங்கிய பீரியடில் அவள் ஒருத்திதான் விழித்திருந்தாள் என்பதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது.

நான் பிறகு நாலு, ஐந்து, அப்புறம் ஒன்று, இரண்டு என்ற வரிசையில் வாடகை நூலகத்தில் வாங்கிப் படித்து முடித்தேன். இப்படி ஒரு வரிசையில் படித்தவள் தமிழ்நாட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன். முதல் பாகத்தில் வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் உல்லாசமாகக் குதிரையில் வரும்போது, எனக்கு அவன் படப்போகும் பாடெல்லாம் முன்கூட்டியே தெரியும். பாவம், சிரித்துக்கொண்டு வருகிறானே என்றிருந்தது. ஒரு நாள் உட்கார்ந்து கணக்கும் போட்டேன். 57, 53, 46, 46, 91. மொத்தம் 293 அத்தியாயம். நட்ட நடு அத்தியாயம் 147ஆவது. அது மூன்றாம் பாகத்தின் 37. அந்தப் பெண்ணின் அப்பா வந்து நின்ற நாளில் என் கொண்டை ஊசி ஏறக்குறைய அங்கேதான் இருந்தது.

33 வருஷம் வேலை பார்த்தேன். ஒரு பிள்ளையைக்கூட நான் முதல் பாகத்திலிருந்து பார்த்ததில்லை. பதினாலு, பதினைந்து வயதில் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அதற்கு முன்னால் வீட்டில் என்ன புயல் அடித்தது, யார் மூழ்கினார்கள், தாத்தா யார், ஒன்றும் தெரியாது. பத்து மாதம் கழித்துப் போய்விடுவார்கள். அந்தப் பத்து மாதத்தை வைத்துக்கொண்டு, இவள் உருப்படுவாள், இவன் உருப்பட மாட்டான் என்று நானும் என்னைப் போன்றவர்களும் ரிப்போர்ட் கார்டில் எழுதித் தள்ளினோம். உங்கள் நாலாம் பாகமும் ஐந்தாம் பாகமும் இப்போது பேஸ்புக்கில்தான் எனக்குத் தெரியவருகிறது. உருப்பட மாட்டான் என்று நான் எழுதியவன் போன தீபாவளிக்கு என் வீட்டுக்கு இன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் போனான்.

2015 டிசம்பரில் கூவம் பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முழங்கால் அளவு தண்ணீர். வீட்டுக்காரர் நகைப்பெட்டியையும் வீட்டுப் பத்திரத்தையும் தேடிக்கொண்டிருந்தார். நான் முதலில் இந்தப் புத்தகத்தைத்தான் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். "இருபது ரூபா புஸ்தகத்துக்கு இவ்வளவு பாடா" என்று கேட்டார். கல்கியின் எழுத்துகளை அரசு நாட்டுடைமை ஆக்கிய பிறகு பொன்னியின் செல்வன் எங்கே பார்த்தாலும் மலிவாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். நடைபாதையிலேயே ஐந்து பாகமும் கட்டுக் கட்டாக இருக்கும். 2022இலும் 2023இலும் படம்கூட வந்துவிட்டது. அதில் ஐந்து பாகமும் இரண்டாகச் சுருங்கி, நடுப்பாகம் என்று ஒன்றே இல்லாமல் போயிற்று. ஆனால் 'ஐந்தில் மூன்று' என்று ஒருவர் மையால் எழுதி வைத்த புத்தகம் கடையில் கிடைக்காது. எங்கேயோ ஒரு வீட்டில் ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து இருக்கும். மூன்றின் இடம் காலியாக இருக்கும். அல்லது ஒன்று குறைகிறதே என்று மற்றதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டிருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பேரன் ஊருக்குப் போன பிறகு புத்தகத்தைப் பிரித்தேன். ராமபாணப் பூச்சி ஓரங்களைத் தின்னத் தொடங்கிவிட்டது. முதுகுத் துணி கிழிந்து நூல் தொங்குகிறது. பூந்தமல்லியில் ஒரு பைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி பக்கத்தை வாஞ்சையாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, மத்த நாலையும் கொண்டாங்க. ஒரே மாதிரி துணி போட்டுத் தர்றேன்" என்றார். மற்ற நாலும் என்னிடம் இல்லை என்றேன். "அப்ப இது?" என்று கேட்டார். இது என்னுடையது இல்லை என்றேன். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஓரம் வெட்டாமல், பழைய உள் அட்டையை மாற்றாமல், ரிப்பனை 21ஆம் அத்தியாயத்திலேயே வைத்துக் கட்டித் தரச் சொன்னேன். நேற்று வாங்கி வந்துவிட்டேன்.

இனி பி பிரிவுக்காரர்களுக்கு. நான் சொல்லும் பெண் யார் என்று உங்களில் பாதிப் பேருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தயவுசெய்து அவள் பெயரைக் கமெண்டில் போடாதீர்கள். அவளுக்குப் பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். இந்தக் கதை அவர்களுக்குத் தெரிய வேண்டுமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என்னோடு பேச விருப்பமில்லை என்றால் புத்தகத்தை மட்டும் உங்களில் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

அம்மா, நீயே இதைப் படித்தால்: உன் தாத்தா புத்தகம் பத்திரமாக இருக்கிறது. உன் அப்பா கேட்ட அன்று அது பள்ளியில் இல்லை, என் வீட்டில் இருந்தது. நீ வர முடிந்தால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எந்த நாளும் வீட்டில்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். கருமாரியம்மன் கோயில் கூட்டத்தில் எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது.